மூச்சில் சுயநலம் உள்ளவர்

மனிதன் தண்ணீருக்கடியில் மூச்சு விடக் கற்றுக்கொண்டதைப் பெரிய சாதனை என்று உலகம் கொண்டாடுகிறது. உலகத்துக்கு விஷயம் தெரியாது. அதைவிடப் பெரிய சாதனை ஒன்று, குடிநீர் வழங்கும் அலுவலகம் ஒன்றின் இரண்டாம் மாடிக் கூட்ட அறையில், மின்விசிறிக்குக் கீழே, ஏழு அதிகாரிகளால் நிகழ்த்தப்பட்டது. முதன்முதலாக முக்குளிக்கப் போகும் ஒருவருக்கு வேண்டிய அத்தனை சாதனங்களையும் அவர்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள். அதுவும் ஒருவருடைய கால் விரலும் நனையாமல்.

முக்குளிக்கப் போகிறவர் ஒரு வால்வுக்காரர். நீரேற்று நிலையத்தில் காலை ஆறு மணிக்கு வால்வைத் திறப்பார், பத்து மணிக்கு மூடுவார். பதினோரு வருஷமாகத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறார். பதினோரு வருஷமாக அவர் 'தற்காலிகம்'. அந்த அலுவலகத்தில் அவரைவிட நிரந்தரமாக எதுவும் இருந்ததில்லை. நாற்காலிகள் மாறின, அதிகாரிகள் மாறினார்கள், சுவரின் நிறம் மூன்று தரம் மாறியது. அவருடைய தற்காலிகம் மட்டும் அசையவில்லை.

ஏரிக்குள் ஒரு கிணறு உண்டு. அதன் வழியாகத்தான் ஊருக்குத் தண்ணீர் உறிஞ்சப்படுகிறது. கிணற்றுக்குள் பதினைந்தடி ஆழத்தில் ஓர் இரும்புக் கம்பி வலை. வருஷத்துக்கு இரண்டு முறை அதில் பாசி அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து ஒரு முக்குளிப்பவர் வருவார், அரை மணி நேரத்தில் சுத்தம் செய்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு போவார். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. அதுதான் அதன் குறை.

செயற்பொறியாளரை அலுவலகத்தில் 'பெரியவர்' என்பார்கள். விடுமுறையில் போன இடத்தில் யாரோ கண்ணாடி மாட்டிக்கொண்டு மீன்களோடு நீந்திய வீடியோவைப் பெரியவர் பார்த்துவிட்டார். திங்கட்கிழமை கூட்டத்தில் மேசையைத் தட்டினார்.

"நம்ம தண்ணி. நம்ம கம்பி. நம்ம பாசி. வெளியாள் எதுக்கு?"

எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். 'நீரடிப் பிரிவு' பிறந்தது.

நீச்சல் தெரிந்தவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று சுற்றறிக்கை போனது. அன்று மாலைக்குள் அலுவலகத்தில் நூற்று நாற்பது பேருக்கு நீச்சல் மறந்துபோயிற்று. நீச்சல் போட்டியில் வாங்கிய கோப்பையை மேசைமேல் வைத்திருந்த ஒருவர் அதைப் பையில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுபோனார். நீரேற்று நிலையம் ஊருக்கு வெளியே இருந்ததால் வால்வுக்காரருக்கு இந்த ஞானம் வந்து சேரவில்லை. கேட்ட இடத்தில் 'தெரியும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் நாள் அவர் 'நீரடி உதவியாளர் (பொறுப்பு)' ஆனார். முதல் இறக்கம் வெற்றிகரமாக முடிந்தால் அவரது பணி நிரந்தரம் 'கனிவுடன் பரிசீலிக்கப்படும்' என்று உத்தரவில் ஒரு வரி இருந்தது.

அவருடைய மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருப்பவர். அந்த உத்தரவை இரண்டு தடவை படித்தார்.

"கனிவுடன்னு போட்டிருக்காங்களே. பதினோரு வருஷத்துல இந்த வார்த்தை இப்பத்தானே வந்திருக்கு?"

"ஆமா. அதுக்காகவே இறங்கிடலாம்னு பாக்கறேன்."

"இறங்கறதைப் பத்தி நான் கேக்கலை. ஏறி வருவீங்களா, அதைச் சொல்லுங்க."

அவர் சிரித்து மழுப்பினார். ஆனால் அந்தக் கேள்வி அவரோடேயே சைக்கிளில் ஏறி அலுவலகம் வந்தது.

அங்கே பெரியவர் மேற்பார்வையில் 'தொடக்கநிலை முக்குளிப்புச் சாதனங்கள் தேர்வுக் குழு' அமைக்கப்பட்டிருந்தது. ஏழு பேர். தன்னையும் கூப்பிடுவார்கள் என்று வால்வுக்காரர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். கூட்ட அறை வாசலில் தலைமை எழுத்தர் அவரைத் தடுத்து நிறுத்தினார். தலைமை எழுத்தர் நல்ல மனுஷர், எதையும் விதிப்படிதான் செய்வார், இரக்கத்தைக்கூட.

"நீங்க எங்க உள்ள வர்றீங்க?"

"போட்டுக்கப் போறது நான்தானே சார்?"

"அதனாலதான் வரக்கூடாது. ஒரு பொருளைப் பயன்படுத்தப் போறவர் தேர்வுக் குழுவுல இருக்கப்படாது. நாற்காலி வாங்கற குழுவுல அதுல உட்காரப் போறவனை விட்டா என்ன கேப்பான்? மெத்தை வச்சது கேப்பான். சுயநலம்."

"நான் மெத்தை கேக்கலையே சார். மூச்சுதான் விடப் போறேன்."

"அது அதைவிடப் பெரிய சுயநலம் இல்லையா?" என்றார் தலைமை எழுத்தர், குழந்தைக்குச் சொல்வதுபோல.

அப்படியே குறிப்பேட்டிலும் ஏறியது: 'மேற்படி நபர் மூச்சு விடுவதில் தனிப்பட்ட சுயநலம் உள்ளவராதலால் குழுவில் சேர்க்கப்படவில்லை.' ஏழு உறுப்பினர்களில் ஒருவருக்கும் தண்ணீருக்கடியில் மூச்சு விடும் உத்தேசம் கிடையாது. இவ்வளவு நடுநிலையான குழுவை எந்த அலுவலகமும் பார்த்திருக்காது.

நடுவில் வால்வுக்காரரை ஆறு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நீச்சல் குளம் ஒன்றில் வகுப்பு. பயிற்சியாளர் ஒரு பெண்மணி. குள்ளமான உருவம், கத்தரித்த தலைமுடி, பேச்சும் கத்தரித்ததுதான். முதல் நாளே ஒரு பிளாஸ்டிக் கூடை நிறைய முகக்கண்ணாடிகளைக் கொண்டுவந்து முன்னால் கொட்டினார்.

"வாரை மாட்டாதீங்க. முகத்துல வெறுமனே வச்சு மூக்கால மூச்சை உள்ள இழுங்க. கையை எடுங்க. விழுதா?"

விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. பதினோராவது, கூடையிலேயே பழசாக, ஓரம் மங்கிப் போய்க் கிடந்த ஒன்று, அவர் முகத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டது. தலையைக் குனிந்தார், ஆட்டினார். விழவில்லை.

"அதான் உங்களது. அழகா இருக்கு, விலை கூடன்னு வேற எதையும் வாங்காதீங்க. கண்ணாடியை உங்க மூஞ்சிதான் தேர்ந்தெடுக்கணும். உங்களுக்காக வேற யாராலயும் முடியாது."

"எங்க ஆபீஸ்ல ஏழு பேர் தேர்ந்தெடுக்கறாங்கம்மா."

"ஏழு பேருக்கும் உங்க மூஞ்சியா?"

புதிதாக ஆரம்பிப்பவர் முதலில் முகக்கண்ணாடியும் காலுக்குத் துடுப்பும் வாங்கினால் போதும், மற்றதெல்லாம் வாடகைக்கு எடுத்துப் பழகிப் பார்த்து, உடம்புக்கு எது ஒத்துவருகிறதோ அதை அப்புறம் வாங்கலாம் என்பது அந்த அம்மாவின் கட்சி. மிதப்பதற்கு ஜாக்கெட், சிலிண்டரில் காற்று எவ்வளவு மீதி என்று காட்டும் மீட்டர், மூச்சு விட ஒன்றுக்கு இரண்டாக வாய்க்குழாய், இவை மூன்றும் இல்லாமல் இறங்கவே கூடாது என்று ஒரு பக்கத்தில் எழுதி அலுவலகத்துக்கு அனுப்பினார். அந்தக் கடிதத்துக்கு உரிய மரியாதை கிடைத்தது. 'பெறப்பட்டது' என்று அழகாக முத்திரை குத்தினார்கள்.

குழு ஐந்து அமர்வுகள் கூடியது. சிலிண்டரை உள்ளே தூக்கி வைக்கவும் வெளியே எடுக்கவும் ஆள் வேண்டும் என்பதால் வால்வுக்காரரை வாசல் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். கதவு சரியாகச் சாத்தாது. உள்ளே தன் உயிருக்கு என்ன ஆகிறது என்பதை அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் முகக்கண்ணாடி. யார் முகத்துக்கு வாங்குவது என்று விவாதம் வந்தது. இந்த வால்வுக்காரர் நாளைக்கு மாற்றலாகிப் போனால்? ஒரு தனிநபர் முகத்தை நம்பிப் பொதுச்சொத்து வாங்கலாமா? பெரியவர் தீர்ப்பு சொன்னார். ஏழு உறுப்பினர்களின் முகத்தையும் டேப் வைத்து அளந்தார்கள். அந்தக் கணம் அந்த அறையில் அப்படி ஓர் ஒற்றுமை. கூட்டி ஏழால் வகுத்து 'சராசரி முகம்' ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அந்த முகம் உலகத்தில் யாருக்கும் இல்லை என்பதால் யாருக்கும் சலுகை காட்டியதாகச் சொல்ல முடியாது.

அடுத்து இடுப்பில் கட்டும் ஈயக் கட்டிகள், மிதக்கும் ஜாக்கெட்.

"ஒரு நிமிஷம்," என்றது பெரியவர் குரல். "ஈயம் எதுக்கு?"

"மூழ்கறதுக்கு சார்."

"ஜாக்கெட்?"

"மிதக்கறதுக்கு சார்."

"ஒரே ஆள் மூழ்கவும் செய்யணும், மிதக்கவும் செய்யணுமா? முதல்ல நாம அவரை எதுக்கு அனுப்பறோம்னு முடிவு பண்ணுங்க."

முடிவு பண்ணினார்கள். மூழ்கத்தான் அனுப்புகிறோம். ஈயம் அங்கீகரிக்கப்பட்டது, ஜாக்கெட் நிராகரிக்கப்பட்டது. ஈயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம் என்று எடையை மட்டும் தாராளமாகக் கூட்டிப் போட்டார்கள்.

இரண்டு வாய்க்குழாய் விஷயம் இன்னும் சுருக்கமாக முடிந்தது.

"ஆள் ஒண்ணு. வாய் எத்தனை?"

"ஒண்ணு சார்."

"அப்புறம் என்ன?"

மீட்டரை மட்டும் வாங்கினார்கள். ஆனால் அது 'அளவுக் கருவி' என்பதால் உரிய துறையின் முத்திரை பெறாமல் பயன்பாட்டுக்கு விடக்கூடாது என்று தலைமை எழுத்தர் விதி எடுத்துக் காட்டினார். மீட்டரைக் கழற்றி, துணியில் சுற்றி, ஸ்டோர் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். சிலிண்டரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்பது இனி அந்த அலமாரிக்குத்தான் தெரியும்.

எல்லாவற்றிலும் இரண்டு செட் வாங்கப்பட்டது. ஒன்று உபயோகத்துக்கு. இன்னொன்று பெரியவர் அறையில், பார்வைக்கு. வருகிறவர்கள் எல்லோருக்கும் பெரியவர் அதன் குழாயை வாயில் வைத்து மூச்சு இழுத்துக் காட்டினார். "ஜில்லுனு இருக்கும், நீங்களும் பாருங்க" என்று அவர்களுக்கும் கொடுத்தார். ஏழு உறுப்பினர்களும் தினம் ஒரு தரம் வந்து 'நேரடிப் பரிசோதனை' செய்தார்கள். வாய்க்குழாயின் நடுவில் உள்ள பொத்தானை அமுக்கினால் காற்று புஸ்ஸென்று சீறும் என்பதைத் தட்டச்சு செய்யும் அம்மாள் கண்டுபிடித்தார். கீபோர்டு இடுக்கில் உள்ள தூசிக்கு அதைப்போல ஒன்று கிடையாது. அந்த வாரம் அலுவலகத்துக் கோப்புகள் எல்லாம் பளிச்சென்று இருந்தன.

வால்வுக்காரர் தன் செட்டை வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். தைக்கிறவர் கை, எதையும் அளவோடுதான் தொடும். முகக்கண்ணாடியை அவர் முகத்தில் வைத்து, கன்னத்தோரம் விரலை விட்டார்.

"என் சுண்டுவிரல் போகுதுங்க. விரல் போற இடத்துல தண்ணி போகாதா?"

"ஏழு பேர் அளவைக் கூட்டி வகுத்தாங்க."

"ஏழு பேர் அளவைக் கூட்டி வகுத்து ஒரு ரவிக்கை தைச்சுக் குடுத்தா, என் மூஞ்சியிலயே வீசிட்டுப் போவாங்க. உங்க ஆபீஸ்ல யாருக்கும் அந்த தைரியம் கிடையாதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். பயமாக இருந்தது. நிரந்தரம் போய்விடுமோ என்று ஒரு பயம், தானே போய்விடுவோமோ என்று ஒரு பயம். இரண்டில் எது பெரிது என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் பயிற்சியாளர் அம்மாவிடம் போய் உள்ளதைச் சொன்னார். அந்த அம்மா கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தார்.

"இறங்காதீங்கன்னு சொன்னா கேப்பீங்களா?"

"பதினோரு வருஷம்மா."

"அப்ப நான் சொல்றதையாவது கேளுங்க. கிணத்துல இருக்கற ஏணியை விட்டு விலகக் கூடாது. சிலிண்டரை முந்தின நாள் என்கிட்ட கொண்டாங்க, நானே நிரப்பித் தர்றேன். கூடையிலேர்ந்து உங்க கண்ணாடியை எடுத்துக்கோங்க. அப்புறம் இன்னொண்ணு. இப்பல்லாம் இதை யாரும் பெரிசா சொல்லிக் குடுக்கறதில்லை, ரெண்டாவது வாய்க்குழாய் இருக்கறப்ப தேவையில்லை. உங்களுக்கு ஒண்ணுதானே? கூட இறங்கறவங்களுக்குக் காத்து தீர்ந்தா, உங்களுதை எடுத்து அவங்க வாயில வைங்க. ரெண்டு மூச்சு அவங்களுக்கு, ரெண்டு மூச்சு உங்களுக்கு. மாத்தி மாத்தி. குழாய் மேலே இருக்கற கையை மட்டும் எடுக்காதீங்க."

"எங்கூட யாரும் இறங்கலியேம்மா."

"பரவாயில்லை, கத்துக்கோங்க."

அன்று சாயங்காலம் முழுக்க அந்த அம்மாவே காற்று தீர்ந்தவராக நடித்து, அவர் வாயிலிருந்து குழாயை வாங்கி வாங்கிப் பழக்கினார்.

தொடக்க விழா காலை பத்து மணிக்கு. ஏரிக்கரையில் பந்தல், ஒலிபெருக்கி, புகைப்படக்காரர்கள். தேர்வுக் குழுவின் 'அயராத உழைப்பு' பற்றி ஏழு உறுப்பினர்களும் ஆளுக்கு ஏழு நிமிஷம் பேசினார்கள். வால்வுக்காரர் ஈயத்தைக் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றார். கூட்டத்தில் மனைவி முன்வரிசையில், கைகளைக் கட்டிக்கொண்டு, அவர் கன்னத்தில் அந்தப் பழைய கண்ணாடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பெரியவர் மைக்கில் அறிவித்தார்.

"இந்த வரலாற்றுச் சிறப்புமிக்க இறக்கத்துக்கு நானே தலைமை தாங்கப் போகிறேன்!"

கைதட்டல் அடங்குவதற்குள் அவருக்குப் பார்வைக்கு வைத்திருந்த செட்டை மாட்டிவிட்டார்கள். சராசரி முகக்கண்ணாடியும் ஏறியது. வால்வுக்காரர் ஈயத்தோடு அவர் பக்கம் நகர்ந்தார்.

"சார், அந்த சிலிண்டர்ல காத்து எவ்வளவு இருக்குன்னு..."

"முழுசா இருக்கும்யா. நாமதான் இன்னும் தண்ணியிலேயே இறக்கலையே!"

இருவரும் கிணற்று ஏணியைப் பிடித்து இறங்கினார்கள். தலைமை தாங்குபவர் மேலே, தாங்கப்படுபவர் கீழே. பதினைந்தடியில் கம்பி வலை. வால்வுக்காரர் பாசியைப் பிடுங்க ஆரம்பித்தார். பெரியவர் வலையில் ஒரு கை வைத்து, படம் எடுக்க அங்கே யாரும் இல்லாவிட்டாலும், படத்துக்கு நிற்பதுபோல நின்றார். அவருடைய கண்ணாடிக்குள் தண்ணீர் கன்னம்வரை ஏறியிருந்தது. சராசரி முகத்தில் அது ஏறியிருக்காது.

அடுத்த நிமிஷம் ஒரு கை வால்வுக்காரரின் தோளைப் பிய்த்தது. திரும்பினார். பெரியவர் கன்னங்கள் ஒட்டிப்போய் இழுத்துக்கொண்டிருந்தார். வரவில்லை. அந்தக் காற்று முழுவதும் இரண்டாம் மாடியில், கீபோர்டு இடுக்குகளில் செலவாகியிருந்தது.

 அவரை விட்டுவிட்டு ஏணியில் ஏறிவிடலாம் என்று வால்வுக்காரருக்கு ஒரு நினைப்பு வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கை பழகிய வேலையைச் செய்தது. முழு மூச்சு ஒன்றை இழுத்துக்கொண்டு, தன் வாயிலிருந்த குழாயை எடுத்துப் பெரியவர் வாயில் வைத்தார்.

இரண்டு மூச்சு. மூன்று. நான்கு. ஐந்து.

கையில் வந்த பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பெரியவருக்குப் பழக்கமில்லை. வால்வுக்காரருக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. குழாய் மேலிருந்த கையை அவர் எடுத்திருக்கவில்லை. ஒரே பிடுங்கு. இரண்டு மூச்சு இழுத்தார், மறுபடி கொடுத்தார். இன்னொரு கையால் பெரியவர் இடுப்பில் இருந்த ஈய பெல்ட்டைத் தட்டிக் கழற்றினார். அது கிணற்றின் அடிக்குப் போயிற்று. மாற்றி மாற்றி மூச்சு விட்டுக்கொண்டு, ஏணியில் ஒவ்வொரு படியாக, அலுவலகத்தின் மொத்த நீரடிப் பிரிவும் ஒரே வாய்க்குழாயில் மேலே வந்து சேர்ந்தது.

கரையில் படுக்க வைத்ததும் பெரியவர் கண்ணைத் திறந்தார்.

"போட்டோ எடுத்தீங்களா?" என்று கேட்டார்.

வால்வுக்காரரின் மனைவி ஓடிவந்து அவருடைய ஈரத் தலையைப் பிடித்துக்கொண்டார்.  அழுதது இருவருமே.

மூன்றாம் நாள் மெமோ வந்தது. பெரியவர் கையெழுத்து, பச்சை மையில். குற்றச்சாட்டுகள் நான்கு. ஒன்று, குழு தேர்ந்தெடுத்த முகக்கண்ணாடியை அணியாமல் அனுமதியற்ற பழைய கண்ணாடி ஒன்றை அணிந்தது. இரண்டு, அலுவலகச் சொத்தான ஈய பெல்ட்டைக் கிணற்றில் தொலைத்தது. மூன்று, தனக்கென ஒதுக்கப்பட்ட காற்றை எழுத்துப்பூர்வ அனுமதியின்றி வேறொரு நபருக்கு வழங்கியது. நான்கு, உயர் அதிகாரியின் வாயிலிருந்து பொருளைப் பலவந்தமாகப் பிடுங்கியது. பணி நிரந்தரம் ஏன் மறுக்கப்படக் கூடாது என்று இரண்டு நாளில் விளக்கம் தர வேண்டும்.

மெமோவைக் கொண்டுவந்து கொடுத்தவர் தலைமை எழுத்தர்தான். அவர் முகமே சரியில்லை.

"நான் டைப் பண்ண மட்டும்தான் குடுத்தேங்க. மனசு கேக்கலை. பேசாம மன்னிப்புக் கேட்டு எழுதிடுங்க."

வால்வுக்காரர் அன்று மாலை தையல் மெஷின் பலகையில் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு வரி எழுதினார், அடித்தார்.

"மன்னிப்புன்னே எழுதிடவா? பதினோரு வருஷம் இருக்கே."

மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார். "எழுதுங்க. எதுக்காக மன்னிப்புன்னு மட்டும் தெளிவா எழுதுங்க."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு நிறுத்தாமல் எழுதினார். மறுநாள் தலைமை எழுத்தர் அதை வாங்கிப் படித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்தார், பிறகு தன் கைப்படவே பதிவேட்டில் ஏற்றி, முத்திரை குத்தி, பெரியவர் மேசைக்கு எடுத்துப் போனார். கடிதம் இவ்வளவுதான்:

'மதிப்பிற்குரிய ஐயா, மூச்சு விடுவதில் எனக்குத் தனிப்பட்ட சுயநலம் உண்டு என்று தேர்வுக் குழு எழுதி வைத்திருந்தது. கிணற்றின் அடியில், தங்களுக்குக் காற்று தீர்ந்த நேரத்தில், குழுவின் அந்த நம்பிக்கையை நான் காப்பாற்றத் தவறிவிட்டேன். அதற்காக மன்னிப்புக் கோருகிறேன். எனக்கு அந்தச் சுயநலம் இருந்திருந்தால், இந்த மெமோவில் கையெழுத்துப் போட இன்று தாங்கள் இருந்திருக்க மாட்டீர்கள்.'